ஒன்பதாம் நம்பர் நடந்து போகிறது

பஸ்ஸைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டவர்கள், அந்தக் கூட்டத்தைப் பஸ்ஸே போகாத இடத்தில் போட்டிருந்தார்கள். யாரும் இதை வேண்டுமென்று செய்யவில்லை. டெலோரிஸ் விட்டேக்கருக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டு ஒரு கை பார்க்கலாம். யோசனையே வராமல் செய்தவனிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?

அறிவிப்பை ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தார்கள். ஒன்பதாம் தடத்தை நிறுத்துவது பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். பிப்ரவரி பதினெட்டு, மாலை நான்கு மணி, ரிட்ஜ்வுட் வளாகத்தில் பஸ் வாரியத்தின் புதிய அலுவலகம். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: வாகனம் நிறுத்த இலவச இடம் உண்டு.

"இத படிச்சியா?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த பௌலா நோவாக்கின் தொடையில் தட்டினாள் டெலோரிஸ். "பஸ் நிக்கப்போகுது, வந்து பேசுங்க, கார நிறுத்த எடம் இருக்கு. இவனுங்களுக்கு மூளைய யாரு வாடகைக்கு விட்டது?"

பௌலா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். பதினோரு வருடமாக அவளும் டெலோரிஸும் காலை ஆறு ஐந்து பஸ்ஸில் ஒரே இருக்கை. "என் அக்கா பையன்கிட்ட லாரி மாதிரி ஒரு வண்டி இருக்குடி. அவன் கொண்டுபோய் விடுவான்," என்றாள்.

"வேணாம். கார்ல போய் எறங்கினா என்ன சொல்வாங்க? அதான் வந்துட்டீங்களே, அப்புறம் எதுக்கு பஸ்ஸுன்னு கேப்பாங்க. நான் பஸ்ல போறேன். பஸ் எங்க நிக்குதோ அங்கேருந்து நடக்கறேன்."

"ரெண்டு மைலுடி. ஓரத்துல கால் வெக்க எடமில்ல."

"அதையும் சொல்றேன் அவங்ககிட்ட."

டெலோரிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊருக்கு வெளியே ஹார்ட்லி சாலையில் இருக்கும் நடுநிலைப் பள்ளியின் சமையல்கட்டில் பத்தொன்பது வருடமாக வேலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், சிக்னலில் நிற்கும்போது வலிப்பு வந்து, காரை ஒரு தபால்பெட்டியின் மேல் ஏற்றிவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஓட்டுநர் உரிமம் மட்டும் போய்விட்டது. கார்வெல் மாதிரி ஊரில் உரிமம் போவது என்றால் பாதி உயிர் போன மாதிரி. இரண்டு லட்சம் பேர் இருக்கும் ஊர், அதில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பஸ் என்று ஒன்றே ஒன்று. அதுவும் நின்றால் வேலை போகும், வேலை போனால் வீட்டு வாடகை போகும், அப்புறம் ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் வீட்டுப் பின்னறைதான். கணக்கு அவ்வளவுதான், அவள் அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டாள்.

பதினெட்டாம் தேதி, மூடிக் கிடக்கிற பழைய மாலின் வாசலில் பஸ் அவளை இறக்கிவிட்டது. கடைசி நிறுத்தம் அது. அங்கிருந்து ரிட்ஜ்வுட்டுக்குப் போகும் சாலையில் அழுக்கான பனி முழங்கால் வரை குவிந்திருந்தது. டெலோரிஸ் தார் விளிம்பிலேயே நடந்தாள்.

இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். பத்து நிமிடத்துக்குள் மூன்று வண்டிகள் நின்றன. முதலாமவன் கண்ணாடியை இறக்கி, "வண்டி நின்னுபோச்சா? கயிறு இருக்கு, கட்டி இழுத்துட்டுப் போகட்டுமா?" என்றான்.

"எனக்கு வண்டியே இல்லப்பா."

அவனுக்கு அது விளங்கவில்லை. "இல்லன்னா? பட்டறைல விட்டிருக்கீங்களா?"

அடுத்து நாயோடு வந்த ஒரு பெண், அதற்கடுத்து ஒரு பாதிரியார். எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பினாள். நான்காவதாக வந்தது போலீஸ் வண்டி. மேலே சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல, இளம் அதிகாரி ஒருவன் இறங்கி வந்தான்.

"மேடம், ஒரு பொம்பள ரோட்டுல நடந்து போறாங்கன்னு போன் வந்துச்சு. உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நடந்தா உடம்பு சரியில்லன்னு அர்த்தமா?" என்றவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏய், நீ ப்ரூவர் வீட்டுப் பையன் ட்ராவிஸ்தானே? ஆறாம் கிளாஸ்ல உருளைக்கிழங்கு உருண்டைக்கு ரெண்டாந்தடவ தட்ட நீட்டினவன்?"

போலீஸ்காரன் காது வரை சிவந்துபோனான். "மிஸ் டெலோரிஸ்! நீங்களா? இங்க நடக்கக்கூடாதுங்க. வண்டி எல்லாம் அம்பது மைல் வேகத்துல வருது."

"அப்ப எங்க நடக்கணும்னு காட்டு, அங்க நடக்கறேன்."

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு பக்கம் பனிக்குவியல், இன்னொரு பக்கம் சாக்கடைப் பள்ளம். "ஏறுங்க, நானே கொண்டுபோய் விடறேன்," என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். அவன் வாரிய அலுவலகத்து வாசல் வரைக்கும் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வந்தான்.

கூட்டத்தில் வாரிய உறுப்பினர்கள் ஏழு பேர், பொதுமக்கள் ஐந்து பேர். தலைவர் ஹால்டேன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளை முடி, எதற்கெடுத்தாலும் சிரித்த முகம். திரையில் ஒரு படம் காட்டினார்கள்: ஒன்பதாம் நம்பரில் ஒரு நடைக்குச் சராசரியாக ஆறே பேர்.

டெலோரிஸ் மைக்கின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு மூன்று நிமிடம். கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து கம்பளத்தில் ஊறியது.

"காலைல நாங்க பதினாலு பேரு. நான் தினம் பாக்கறேன். மத்தியானம் காலியா ஓடறதையும் சேத்து வகுத்தா ஆறுதான் வரும். அந்த பதினாலு பேரும் வேலைக்கு போறவங்க. உங்க அம்மாவ கெழவங்க விடுதில குளிப்பாட்டறது அவங்கதான், உங்க ஆஸ்பத்திரி துணிய தொவைக்கறது அவங்கதான், உங்க பேரனுக்கு சாப்பாடு போடறது நான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு உங்கள்ல எத்தன பேரு பஸ்ல வந்தீங்க?"

ஹால்டேன் சிரித்தபடியே, "இங்க பஸ் வராதே, மேடம்," என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அறையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடித்தார்கள். ஹால்டேன் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு ஓட்டெடுப்பு நடந்தது, ஐந்துக்கு இரண்டு. ஏப்ரல் முதல் திங்கட்கிழமையிலிருந்து ஒன்பதாம் நம்பர் கிடையாது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மரியாதையாகக் கழுத்தை அறுப்பது இந்த ஊர் வழக்கம். கூட்டம் முடிந்ததும் ஹால்டேன் தானே வந்து, "எங்க போகணும்? என் கார்ல விட்டுடறேன்," என்றார். மனதாரத்தான் சொன்னார், அந்த மனிதர்.

"நாளைக்கும் விடுவீங்களா? நாளன்னிக்கும்? காலைல ஆறு அஞ்சுக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வந்த வழியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ரெனே ஃபீனிக்ஸிலிருந்து போன் செய்தாள். "அறை ரெடியா இருக்கும்மா. தனி பாத்ரூம். பனியே கெடையாது. அந்த ஊர்ல பேக்டரி போச்சு, மால் போச்சு, இப்ப பஸ்ஸும் போச்சு. அங்க இன்னும் என்னதான் இருக்கு?"

"நான் இருக்கேன்ல?"

"அம்மா, வீம்பு பண்ணாத."

"வீம்புதாண்டி. என்ன இப்போ? அங்க வந்தா மட்டும் எனக்கு கார் ஓட்டத் தெரிஞ்சிடுமா? நீ வேலைக்கு போனதும் ஜன்னல பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இங்க இருநூறு பிள்ளைங்க தட்ட தூக்கிட்டு என் மூஞ்சிய பாக்குதுங்க. போனை வை, அடுப்புல பீன்ஸ் இருக்கு."

போனை வைத்ததும் அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை. மூக்கைச் சிந்திவிட்டு பீன்ஸுக்கு உப்புப் போட்டாள். சின்ன ஊராக இருந்தால் நடந்தே போய்விடலாம். பெரிய ஊராக இருந்தால் பூமிக்கடியில் ரயில் ஓடும். இரண்டிலும் சேராத இந்த ஊரில் கார் இல்லாதவன் செத்தவனுக்குச் சமம் என்று யாரோ எங்கேயோ முடிவு கட்டிவிட்டார்கள். நான் சாகவில்லை என்று இவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று அன்று முழுக்க யோசித்தாள்.

இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பௌலா போகும் மாதாகோவிலின் கீழ்த்தளத்தில் மீன் வறுப்பார்கள். கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், சாமி இல்லாதவன் எல்லோரும் அங்கேதான். பொரித்த மீன், முட்டைக்கோஸ், வெண்ணெயில் புரட்டிய பியரோகி கொழுக்கட்டை. ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து, இழவு வீட்டுக்காரர்கள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டெலோரிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "பஸ் நின்னா என்ன, நாம போவோம்."

"எப்படி?" என்றார் அன்செல்மோ. ஹார்ட்லி சாலையில் இருக்கும் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிற ஆள், முழங்கால் வலிக்காரர்.

"நடந்து. அதே ஆறு அஞ்சுக்கு, அதே ரோட்டுல. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு, ஆள ஏத்திக்கிட்டு, எறக்கி விட்டுட்டு."

"உனக்கு பைத்தியம் முத்திடுச்சுடி," என்றாள் பௌலா. "அது போக ஒரு தடம், வர ஒரு தடம். ரெண்டு பக்கமும் பள்ளம். எங்க நடப்ப?"

"பஸ் எங்க போச்சோ அங்க. பஸ் போறப்ப ஒரு தடத்த முழுசா எடுத்துக்கிட்டுத்தானே போச்சு? பள்ளத்துல எறங்கி போச்சா? நாமளும் அப்படியே நடுவுல போவோம்."

"லாரிக்காரன் சட்னியாக்கிட்டு போயிடுவான்."

அன்செல்மோ வாயைத் துடைத்துக்கொண்டார். "கெடங்குல ஆரஞ்சு கலர் சட்டை நெறைய கெடக்கு. ராத்திரில கூட பளபளன்னு தெரியும். கொண்டு வரேன்."

பௌலா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு பெரிய சைஸ் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை காலை பதினாலு பேரில் ஒன்பது பேர் பஸ் கிளம்பும் இடத்துக்கு வந்தார்கள். இரண்டு பேர் வழியில் சேர்ந்துகொள்வார்கள். மீதி மூன்று பேருக்கு மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரனோ கிடைத்திருப்பான், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு ஐந்துக்கு டெலோரிஸ், "கெளம்பலாம்," என்றாள். இரண்டிரண்டு பேராகத் தடத்தின் நடுவில் இறங்கி நடந்தார்கள். முதல் கார் பின்னால் வந்து பிரேக் போட்டபோது, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று டெலோரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் நிறுத்தத்தில் நின்றார்கள். முதியோர் விடுதியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் அங்கே சேர்ந்துகொண்டார்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி நடை. ஹார்ட்லி சாலைக்குள் திரும்பும்போது மணி ஆறரையைத் தாண்டிவிட்டது, எதிர்த்தடத்தில் வண்டி விடாமல் வந்துகொண்டிருந்தது, பின்னால் இருக்கிறவன் முந்திப் போக வழியே இல்லை. ஏழு மணிக்கு டெலோரிஸ் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மேட்டின் உச்சி வரை முன்விளக்குகள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

ட்ராவிஸ் ப்ரூவர் எதிர்ப்பக்கமாக வந்து வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். "மிஸ் டெலோரிஸ், ப்ளீஸ். எல்லாரும் ரோட்ட விட்டு எறங்குங்க."

"எறங்கி எங்க நிக்கறது? நீயே காட்டு."

பனி உருகிய தண்ணீர் பள்ளத்தில் நிரம்பி நின்றது. அதில் இரண்டு வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. ட்ராவிஸ் வாத்துகளைப் பார்த்தான், அன்செல்மோவின் முழங்காலைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"வேணும்னா சீட்டு எழுதிக் குடு, அபராதம் கட்டறோம்," என்றாள் பௌலா. "நின்னுட்டே எழுதாத, கூடவே நடந்துக்கிட்டு எழுது. எங்களுக்கு லேட்டாகுது."

அவன் எழுதவில்லை. யாராவது அடிபட்டுச் செத்தால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே, வண்டியைத் திருப்பி அவர்கள் பின்னால் கொண்டுவந்து, விளக்கைச் சுழலவிட்டான். மருத்துவமனை நிறுத்தத்தில் பௌலா இறங்கிக்கொண்டாள். விடுதி நிறுத்தத்தில் நான்கு பேர், கிடங்கில் அன்செல்மோவும் மூன்று பேரும். கடைசி முக்கால் மைலுக்கு மிஞ்சியது டெலோரிஸும் பள்ளிக்கூடத்துத் துப்புரவுக்காரப் பெண்ணும்தான். இரண்டு பேருக்குப் பின்னால் ஒரு ஊரே ஊர்ந்து வந்தது.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது ஏழு நாற்பது. பத்தொன்பது வருடத்தில் முதல் தாமதம். உள்ளே ஓடினாள். உள்ளே ஒருவரும் இல்லை. தலைமையாசிரியரும், ஆசிரியர்களில் பாதிப் பேரும், பிள்ளைகளின் மஞ்சள் பஸ்கள் நான்கும் அவளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தன. டெலோரிஸ் கையைக் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கடைசிப் பிள்ளை வந்து சேர்வதற்குள் முட்டை வெந்துவிட்டது.

செவ்வாயன்று பன்னிரண்டு பேர். புதனன்று பதினேழு. பஸ்ஸிலேயே ஏறாதவர்கள் மூன்று பேர் வேடிக்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குக் கிடங்கு நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆறாவது காரின் கதவைத் திறந்துகொண்டு ஹால்டேன் இறங்கினார். கோட்டும் டையுமாக, மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம், இது சட்டத்துக்கு விரோதம். எட்டு மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

"ஏறிக்குங்க," என்றாள் டெலோரிஸ் நடையை நிறுத்தாமல். "பின்னாடி எடம் இருக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹால்டேனும் பழக்கதோஷத்தில் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பின்னால் இருந்த கார்க்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, "யோவ், நீதான் அந்த பஸ் வாரிய தலைவனா? அந்த எழவு பஸ்ஸ திருப்பி விட்டுத் தொலையேன்யா! மூணு நாளா எனக்கு சம்பளம் வெட்டு!" என்று கத்தினான்.

அப்போதுதான் காற்று திரும்பியது. மூன்று நிமிடம் மைக்கில் பேசி ஆகாத காரியம், நாற்பது நிமிடம் காரில் உட்கார வைத்ததில் ஆகிவிட்டது. வாழ்நாளில் பஸ்ஸில் கால் வைக்காதவர்கள் எல்லாம் வாரியத்துக்குப் போன் போட்டார்கள். கிடங்கு முதலாளி போட்டார், மருத்துவமனை போட்டது, பிள்ளையைப் பள்ளியில் விடுகிற தாய்மார்கள் போட்டார்கள். ஏழைகளின் கஷ்டம் தாங்காமல் அல்ல. தங்கள் தடம் தங்களுக்கு வேண்டும் என்று. டெலோரிஸுக்கு அது தெரியும். தெரிந்தும் அவளுக்குக் கசக்கவில்லை. என்ன காரணத்துக்காகக் கேட்டால் என்ன, கேட்கிறார்கள் இல்லையா?

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஹால்டேனே வந்தார். வரிசையில் நின்று தட்டு வாங்கிக்கொண்டு, நீள மேசையின் ஓரத்தில், கேட்காமலே உட்கார்ந்தார்.

"பொதுமக்கள் கருத்த பரிசீலிச்சு வாரியம் ஒரு முடிவு எடுத்திருக்கு," என்றார். "திங்கக்கிழமைலேருந்து ஒன்பதாம் நம்பர் ஓடும். அதே நேரம்."

பௌலா "ஹே!" என்று கத்தி அன்செல்மோவின் முதுகில் அறைந்தாள். பக்கத்து மேசைகளும் கை தட்டின. டெலோரிஸ் மட்டும் ஹால்டேனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு, சொல்லாமல் விட்டது எது என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"எத்தன நாளைக்கு?"

ஹால்டேன் மீனைத் துண்டு போட்டார். "இப்போதைக்கு ஆறு மாசம். சோதனை முறைல. ஆறு மாசம் கழிச்சு நிலைமைய பாத்து மறுபரிசீலனை பண்ணுவோம்."

கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த நிமிடம் எழுந்து அந்த மனிதரின் டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆறு மாதம் என்றால் அக்டோபர். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும், காலை ஆறரைக்குக் கும்மிருட்டாக இருக்கும், ஹார்ட்லி சாலையில் அன்றைக்கும் இரண்டே தடம்தான் இருக்கும்.

அவள் முட்டைக்கோஸ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா பரிசீலனை பண்ணுங்க," என்றாள். "அன்செல்மோ, அந்த ஆரஞ்சு சட்டைய கெடங்குல திருப்பிக் குடுத்துடாதீங்க. இன்னும் அம்பது வேணும்."